"நல்லாத்தானே இருக்கான்!"

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன்.

விபத்துச் செய்திகளின் முடிவில் ஒரு வரி வரும்: "உயிருக்கு ஆபத்தில்லை." அதைப் படித்ததும் நாம் பெருமூச்சு விட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். தலையில் அடிபட்டவரின் வீட்டில் அந்த வரிக்குப் பிறகுதான் எல்லாமே ஆரம்பிக்கிறது.

என்னிடம் படித்த ஒருவர், எலக்ட்ரீஷியன். பெயர் வேண்டாம், உங்களில் சிலருக்குத் தெரியும். அவர் மனைவி சம்மதித்ததால்தான் எழுதுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் விழுப்புரம் சாலையில் அவருடைய பைக்கை லாரி இடித்தது. அப்போது அவருக்கு 34 வயது. ஆபரேஷன் ஆகி, மூன்று வாரம் கழித்துக் கண் விழித்தார். இன்று நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னைப் பார்த்தால் "வணக்கம் சார்" என்கிறார். பதினாறாம் வாய்ப்பாடு கூடச் சொல்கிறார். ஆனால் சுவிட்ச் போர்டைத் திறந்து வைத்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் அப்படியே நிற்கிறார். "குளிங்க" என்று சொன்னால்தான் குளிப்பார். அவ்வளவு சாதுவாக இருந்த பிள்ளை, இப்போது மகள் பென்சிலைக் கீழே போட்டால் கூட அடிக்கக் கை ஓங்குகிறார். மூளையின் முன்பகுதி அடிபட்டால் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள் மருத்துவர்கள். திட்டமிடுவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, கோபத்தை அடக்குவது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை.

தெருவில் பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நல்லாத்தானே இருக்கான்!" ஆறுதலாகச் சொல்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அதே வாக்கியத்தை இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் தீர்ப்பாயத்தில் சொல்லும்போது அது ஆறுதல் இல்லை. அது ஒரு குடும்பத்தின் அரிசியில் கை வைக்கும் பேச்சு.

அவருக்குக் கிடைத்திருக்கும் சான்றிதழ் 40 சதவீதம் என்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் 'விபத்தால் வந்த மூளைக் காயம்' என்று தனியாக ஒரு பெயர் கிடையாது. பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு வகையில் பொருத்தித்தான் எண் போடுகிறார்கள். கை வலுவை அளக்கலாம், பேச்சை அளக்கலாம். வேலைக்குப் போன இடத்தில் எதற்கு வந்தோம் என்பதே மறந்து போவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்த 40 சதவீதத்தை வைத்து எதிர்த்தரப்பு ஒரு தொகை சொல்லி, "லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம், உடனே பணம்" என்கிறது. அவர் மனைவி என்னிடம் வந்து, "சார், கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்டார். அவசரப்படாதே அம்மா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்று 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. நீதிபதி ரவீந்திரன் அதில் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் விளங்கும்படி ஒரு உதாரணம் தருகிறார். இடது கை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கணக்கில் அது சுமார் 60 சதவீதம். போனவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறனில் அவருக்குக் கிட்டத்தட்ட 100 சதவீதமும் நஷ்டம். அவரே அரசாங்க குமாஸ்தாவாக இருந்து, வேலையும் தொடர்ந்தால், வருமானத்தில் நஷ்டமே இல்லாமலும் போகலாம். ஆகவே சான்றிதழில் இருக்கும் எண் வேறு, பிழைப்பில் விழுந்த ஓட்டை வேறு.

இப்போது கணக்குப் போடுவோம். (கணக்கு வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.) மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தவர் என்று கொள்வோம். 40 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு, எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது 2017-ல் வந்த அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. அப்படியானால் 25,200. வருடத்துக்கு 3,02,400. 31 முதல் 35 வயது வரை பெருக்கல் எண் 16. மொத்தம் 48,38,400 ரூபாய். எலக்ட்ரீஷியன் வேலையே இனி முடியாது என்று நிரூபித்தால் இந்த முழுத் தொகை. சான்றிதழைப் பார்த்து 40 சதவீதம் என்றால் 19,35,360. இரண்டுக்கும் நடுவே 29 லட்சம். அந்த 29 லட்சமும் "நல்லாத்தானே இருக்கான்" என்ற இரண்டு வார்த்தையில் கரைந்துவிடும்! அதோடு, லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டு உத்தரவாகிவிட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. லோக் அதாலத் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கால் எலும்பு முறிவுக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். எவ்வளவு போயிற்று என்று இன்னும் தெரியாத மூளைக் காயத்துக்கு அங்கே அவசரப்பட்டு முடிப்பது நல்லதில்லை.

ஹரியானாவில் நடந்த வழக்கு ஒன்றைப் பாருங்கள். 2007 அக்டோபர் 18. பெற்றோருடன் டிராக்டரில் போய்க்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி. லாரி மோதியது. சண்டிகர் அரசு மருத்துவ நிறுவனத்தில் பரிசோதித்தபோது, அவளுடைய சமூக வயது 9 மாதக் குழந்தையுடையது என்றார்கள். நூற்றுக்கு நூறு ஊனம். தீர்ப்பாயம் கொடுத்தது 11,08,501 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 25,78,501 ஆக்கியது. 2020 பிப்ரவரி 5-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், தீபக் குப்தா அமர்வு 62,27,000 ரூபாய் என்று தீர்த்தது.

இந்த மூன்று எண்களுக்கு நடுவே என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். கீழே அந்தப் பெண்ணின் வருமானத்தை வருடத்துக்கு 15,000 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். மாதம் 1,250! படிக்கிற பிள்ளை வளர்ந்து அவ்வளவுதான் சம்பாதிப்பாள் என்று ஒரு நீதிமன்றம் எழுதினால், அவளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் மனம் என்ன பாடுபடும்? திறன் பெற்ற தொழிலாளியின் அப்போதைய குறைந்தபட்சக் கூலியான 4,846 ரூபாயையும் அதன் மேல் 40 சதவீதத்தையும் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அதோடு, பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்கள், ஆளுக்கு மாதம் 5,000 என்று 18 வருடப் பெருக்கத்தில் 21,60,000 ரூபாய். இராப்பகலாகப் பார்க்கிற வேலைக்கு 5,000 என்பது என் கணக்கில் குறைவுதான். ஆனாலும் தாயின் உழைப்பை "அம்மாதானே பார்க்கிறாள்" என்று சும்மா விட்டுவிடாமல் அதற்கு விலை வைத்தார்களே, அது பெரிய காரியம்.

ஆனால் 2007-க்கும் 2020-க்கும் நடுவில் 12 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. டெல்லியில் 2009-ல் கார் மோதி மூளை பாதிக்கப்பட்ட 7 வயதுச் சிறுமிக்கு 11.51 லட்சம் 50.87 லட்சமாக உயர்ந்தது 2024 டிசம்பரில். 15 வருடம். உச்ச நீதிமன்றம் வரை போகத் தெம்பில்லாத குடும்பங்கள் 11 லட்சத்தோடு நின்றிருக்கும் இல்லையா?

காலம் என்றதும் இன்னொன்று. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 1994-ல் எடுத்துவிட்ட காலவரம்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அதை எதிர்த்த வழக்கு நடக்கிறது. கால தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், மனுவை முதலில் போட்டுவிடுங்கள். ஆனால் சட்டத்தின் போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு மாதத்தில் வீட்டுக்காரர்கள் ஐ.சி.யூ. வாசலிலிருந்தே முழுதாக வெளியே வந்திருக்க மாட்டார்கள்.

பிரான்சில் இருக்கும் நம் உறவுகள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே நீதியமைச்சர் பதென்தேர் பெயரால் வழங்கும் 1985 ஜூலை 5 சட்டத்தில், விபத்து நடந்து எட்டு மாதத்துக்குள் இன்சூரன்ஸ்காரர் தானே தொகை சொல்லியாக வேண்டும். காயம் இன்னும் நிலைக்கு வரவில்லை என்றால் அது தற்காலிகத் தொகை மட்டுமே. நிலைக்கு வந்த செய்தி கிடைத்தபின் ஐந்து மாதத்துக்குள் இறுதித் தொகை. நாம் அடிபட்டவனைக் காலக்கெடு வைத்துத் துரத்துகிறோம், அவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனியைத் துரத்துகிறார்கள். பிரெஞ்சு சட்டம் இந்த ஊரில் எத்தனையோ விட்டுப் போயிற்று, இது வந்து சேரவில்லை.

லாரி டிரைவரை உள்ளே தள்ளினால் போதாதா என்று சிலர் கேட்கிறீர்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. எத்தனை டிரைவருக்கு அது கிடைக்கிறது? அவர் மீதான வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும். கிரிமினல் வழக்கில் அவர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு அதனாலேயே விழுந்துவிடாது. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். பலருக்கு இது தெரியாது.

நம் ஊருக்கு மட்டும் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. கோரிமேட்டைத் தாண்டினால் பட்டானூர், தமிழ்நாடு. வடக்கே கோட்டக்குப்பமும் தமிழ்நாடு. போலீஸ் வழக்கு அந்தப் பக்கம் பதிவானால் இழப்பீட்டுக்கும் விழுப்புரத்துக்கு அலைய வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், சட்டமே அனுமதிக்கிறது. வக்கீல் "கிடைப்பதில் இத்தனை சதவீதம்" என்று பேசினால் பார் கவுன்சில் விதிப்படி அது கூடாது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டப் பணிகள் ஆணையம் மூலம் இலவச வக்கீல் உண்டு, வருமானம் பார்க்காமலேயே.

இனி நான் கேட்கும் உதவி. அவரைப் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு அழைத்துப்போய் நரம்பு உளவியல் பரிசோதனை செய்ய ஏற்பாடு ஆகிறது. நினைவு, கவனம், திட்டமிடல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்து எழுதித் தருவார்கள். அது இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லும். முன்பு எப்படி இருந்தார் என்று எந்த இயந்திரமும் சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டேன். சாட்சிக் கூண்டில் ஏறவும் தயார் என்று வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். குறுக்கு விசாரணையை நினைத்தால் கொஞ்சம் நடுக்கம்தான், 33 வருடம் கேள்வி கேட்டே பழகியவனாயிற்றே.

அவரிடம் உங்கள் வீட்டுக்கு வயரிங் செய்தவர்கள், அவர் கையால் எழுதிய பில், எஸ்டிமேட் சீட்டு, ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, இந்தத் துண்டுச் சீட்டுகள்தான் வருமானத்துக்குச் சாட்சி. கூடப் படித்தவர்கள், விபத்துக்கு முன்பும் பின்பும் அவரோடு பழகியவர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் தேதியோடு எழுதுங்கள். மிகைப்படுத்த வேண்டாம், இருப்பதே போதும். இங்கே கமெண்டில் அவர் பெயரைப் போடாதீர்கள். எனக்குத் தனியாக அனுப்புங்கள், அல்லது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், இருப்பேன்.