தை மாதக் காளைக்கு ஒரு பயணத் திட்டம்

மார்கழி பிறந்தாலே ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் வீடுகளில் காலண்டரைப் புரட்டும் வேலை தொடங்கிவிடும். எந்த ஊரில் என்றைக்கு வாடிவாசல் திறக்கிறார்கள், எங்கே டோக்கன் கிடைக்கும், எந்த வண்டியில் ஏற்றிப்போவது என்று வீடே பேசும். மாடு மட்டும் எதுவும் தெரியாமல் தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

திட்டம் சரியில்லையென்றால் அதன் பலனை முதலில் அனுபவிப்பது அந்த வாயில்லாத ஜீவன்தான். அதனால் தை மாதப் பயணக் கணக்கை எப்படிப் போடுவது என்று இந்த வாரம் பார்ப்போம். புறப்படும் ஊராகப் பெண்ணாடத்தை வைத்துக்கொள்வோம்.

பெண்ணாடத்துக்கும் காளைக்கும் பழைய தொடர்பு உண்டு. தூங்கானை மாடம் என்று பெயர் பெற்ற இங்குள்ள சிவன் கோயிலில்தான் அப்பர் பெருமான் தன் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கும்படி வேண்டிப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். பிரளய வெள்ளத்தை நந்தி தடுத்து நிறுத்தியதாகத் தலபுராணம் சொல்கிறது. ஆனால் ஜல்லிக்கட்டின் பெரிய களங்கள் எல்லாம் இங்கிருந்து தெற்கேயும் மேற்கேயும்தான் இருக்கின்றன. அதனால் இந்த ஊர் மாட்டுக்குப் பயணம் கட்டாயம்.

மூன்று நாள், மூன்று ஊர்

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். மதுரைப் பக்கத்து வரிசை இது. மாட்டுப் பொங்கலன்றே திருச்சி அருகே பெரிய சூரியூரிலும் வாடிவாசல் திறக்கும். தை மூன்றாம் நாள் சிவகங்கை மாவட்டம் சிராவயலில் மஞ்சுவிரட்டு. பொங்கலுக்கு முன்பே புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு முடிந்திருக்கும். பொங்கல் கழிந்ததும் சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே கூலமேடு. அதன்பின் திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திண்டுக்கல் என்று வாரம் தவறாமல் ஊர்கள் வரும்.

ஆசைக்கு அளவே இல்லை. எல்லா ஊரிலும் நம்ம மாடு நின்று விளையாட வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டால் தெளிவு வரும்.

2025 பொங்கலுக்கு மதுரையின் மூன்று களங்களுக்கும் இணையத்தில் பதிவான காளைகள் 12,632. இதில் அவனியாபுரத்துக்கு 2,026, பாலமேட்டுக்கு 4,820, அலங்காநல்லூருக்கு 5,786. ஒரு களத்தில் ஒரு பகலில் அவிழ்க்க முடிவது சுமார் 1,000 காளைகள்தான். அப்படியானால் அவனியாபுரத்தில் இரண்டு மாட்டில் ஒன்றுக்கு இடம். பாலமேட்டில் ஐந்தில் ஒன்று. அலங்காநல்லூரில் ஆறில் ஒன்றுக்குச் சற்று அதிகம்.

இன்னொரு விஷயம். அந்த ஆண்டு மூன்று ஊரில் ஏதாவது ஒன்றில்தான் ஒரு காளை கலந்துகொள்ளலாம் என்று மதுரை மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆகவே பதிவு செய்யும் நேரத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். பேர் பெரிய அலங்காநல்லூரா, இடம் கிடைக்க வாய்ப்புள்ள அவனியாபுரமா? முதல் முறை போகிற மாட்டுக்கு அவனியாபுரம் புத்திசாலித்தனம். ஏற்கெனவே நான்கு களம் பார்த்த மாடென்றால் அலங்காநல்லூருக்கு முயலலாம். கிடைக்காவிட்டால் எங்கே போவது என்பதையும் அதே தாளில் எழுதிவைக்க வேண்டும்.

பதிவில் சறுக்கக் கூடாது

மதுரைப் பதிவுக்கு ஜன்னல் மிகச் சின்னது. 2025-ல் ஜனவரி 6 மாலை 5 மணிக்குத் திறந்து மறுநாள் மாலை 5 மணிக்கு மூடிவிட்டார்கள். ஒரே நாள். அன்றைக்குப் பார்த்து ஆதார் எண்ணைத் தேடுவதும், மாட்டோடு போட்டோ எடுக்க ஓடுவதும் ஆகாது. பதிவு திறப்பதற்கு முன்பே ஒரு ஃபைல் தயாராக இருக்கட்டும். உரிமையாளரின் ஆதார், மாடும் உரிமையாளரும் சேர்ந்து நிற்கும் தெளிவான படம், அரசு கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, டோக்கன் தகவல் வரவேண்டிய செல்போன் எண். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் முடிந்துபோகாமல் இருப்பதும் முக்கியம்.

இத்தனை கெடுபிடி ஏன் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் புரியும். 2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா தொடங்கித் தமிழ்நாடு முழுக்க இளைஞர்கள் திரண்டார்கள். அந்த மாதமே அவசரச் சட்டமும் தொடர்ந்து சட்டத் திருத்தமும் வந்தன. 2023 மே 18-ம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. விதிமுறைகள் ஒழுங்காக நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த விளையாட்டு நிற்கிறது. மருத்துவச் சான்று என்பது வெறும் காகிதம் இல்லை.

அமெரிக்காவில் ஒரு கிறிஸ்துமஸ், ஜூலையில்

இதே தலைவலி உலகத்தின் மறுபக்கத்திலும் இருக்கிறது. அமெரிக்காவில் ரோடியோ என்ற மாட்டு விளையாட்டு பிரபலம். ஜூலை 4 சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களில் ஊருக்கு ஊர் ரோடியோ நடக்கும். பரிசுப் பணம் கொட்டுகிற அந்தக் காலத்துக்கு ‘கௌபாய் கிறிஸ்துமஸ்’ என்றே பெயர். வீரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டியில் இரவெல்லாம் ஓட்டி, இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று போவார்கள். ஒன்றாகப் பயணிப்பவர்களுக்கு ஒரே நாளில் முறை வரும்படி குழுவாகப் பதிவு செய்துகொள்ளவும் அங்கே வழி உண்டு. வருட முடிவில் அதிகம் சம்பாதித்த 15 பேர் ஒவ்வொரு பிரிவிலும் லாஸ் வேகாஸ் இறுதிப் போட்டிக்குப் போவார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே முரட்டுக் காளைகளைக் கொண்டுவருவது அதற்கென இருக்கும் ஒப்பந்தக்காரர்கள். காளைமேல் ஏறும் வீரர் தன் பையைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். தூக்கம் வந்தால் அவரே சொல்வார், முதுகு வலித்தால் அடுத்த ஊரை அவரே விட்டுவிடுவார். இங்கே ஊர் ஊராகப் போவது வீட்டில் வளர்ந்த மாடு. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அமெரிக்கக்காரர் மாதிரி நான்கு நாளில் நான்கு ஊர் என்ற திட்டம் நமக்கு ஒத்துவராது.

வண்டியும் வழியும்

பெண்ணாடத்திலிருந்து நான்கு வட்டம் போட்டுக்கொள்ளலாம். வெள்ளாற்றைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். அதுவும் பெரம்பலூரும் முதல் வட்டம். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். இரண்டாவது, திருச்சியும் ஆத்தூர்ப் பக்கமும். மூன்றாவது, தஞ்சாவூர், புதுக்கோட்டை. நான்காவது மதுரை, திண்டுக்கல், சிவகங்கை.

மதுரைக்குத் திட்டக்குடி, தொழுதூர் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர் என்று போனால் சுமார் 240 கிலோமீட்டர். கார் போகிற வேகத்தில் மாட்டை ஏற்றிய வண்டி போகக் கூடாது. பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் மாடு நான்கு கால்களையும் ஊன்றிச் சமாளிக்க வேண்டும். வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். ஆக ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

கால்நடைகளை வண்டியில் கொண்டுபோவதற்கு 1978-ம் ஆண்டு விதிகளே இருக்கின்றன. பயணம் செய்யத் தகுதியான உடல்நிலையில் இருப்பதாக மருத்துவர் சான்று வேண்டும். முதலுதவிப் பெட்டி வேண்டும். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. வேறு சரக்கைச் சேர்த்து ஏற்றக் கூடாது. மிரளாமல் இருக்க, முடிந்தவரை மாட்டின் முகம் எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். தரையில் வைக்கோல் தாராளமாகப் பரப்புங்கள். ஈரத் தகரத்தில் குளம்பு வழுக்கி ஒரு கால் பிசகினால் அந்த ஆண்டு முழுவதும் போச்சு.

பொங்கல் நேரம் கரும்பு வெட்டு, நெல் அறுப்பு, ஊருக்கு வருகிறவர் போகிறவர் என்று வண்டிக்குக் கிராக்கி. கடைசி நேரத்தில் கிடைத்த வண்டியில் மாட்டைத் திணிப்பதைவிட, மார்கழியிலேயே பக்கத்து ஊர் மாட்டுக்காரரோடு பேசி ஒரே வண்டியை அமர்த்தினால் செலவும் பாதி. ஒரு நிபந்தனை. இரண்டு மாடும் ஒன்றையொன்று முட்டாமல் இருக்க நடுவே தடுப்பு கட்டாயம்.

அரை நிமிடத்துக்கு ஓர் இரவு

ஒரு பகலில் பத்து மணி நேரம் ஜல்லிக்கட்டு நடக்கிறது என்றால் 36,000 விநாடி. ஆயிரம் காளைக்குப் பங்கு போட்டால் ஒரு காளைக்கு 36 விநாடி. அந்த அரை நிமிடத்துக்காக முந்தைய இரவிலிருந்தே மாடு வரிசையில் நிற்கிறது. டோக்கன் கையில் இருந்தும், நேரம் முடிந்துவிட்டது என்று அவிழ்க்காமலே திரும்பும் காளைகளும் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அதனால் திட்டத்தில் ஓடும் நேரத்தை எழுதாதீர்கள், நிற்கும் நேரத்தை எழுதுங்கள். பழகிய தீவனம், வீட்டுத் தண்ணீர் ஒரு கேன், பனிக்குப் போர்த்தச் சாக்கு, கொசுவுக்கு ஏதாவது ஏற்பாடு, துணைக்கு வருபவருக்குச் சாப்பாடு. புது ஊர்த் தண்ணீரும் யாரோ பிரியமாகக் கொடுத்த பழமும் வயிற்றைக் கெடுத்துவிடலாம்.

மதுரையில் காளையோடு உரிமையாளருக்கும் பழகிய ஓர் உதவியாளருக்கும் மட்டுமே அனுமதி. அந்த இரண்டாவது ஆள் யார் என்பதில்தான் பல வீடுகள் தப்புச் செய்கின்றன. ஊர்ப் பெரியவர் மகன் ஆசைப்படுகிறார், மைத்துனர் கேட்கிறார் என்று அழைத்துப்போனால் ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது. வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அறுத்துத்தான் மாட்டை விடுகிறார்கள். ஓடி முடித்து, கூட்டத்தின் சத்தத்தில் மிரண்டு, கயிறில்லாமல் வருகிற மாட்டை அந்தப் பக்கம் பிடிக்க வேண்டியவர் இந்த இரண்டாவது ஆள். களத்துக்குள் இறங்கும் வீரர்களைப் போலவே, மாட்டைப் பிடிக்கப் போன உரிமையாளர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் குத்துப்பட்டு இறந்த செய்திகள் நமக்குப் புதிதல்ல. ஆகவே மாட்டுக்குக் குரல் தெரிந்தவர்தான் புதுக் கயிற்றோடு அங்கே நிற்க வேண்டும். முன்கூட்டியே போய்த் தப்பி ஒதுங்கும் இடத்தையும் பார்த்துவைக்க வேண்டும்.

முடிவு யார் கையில்?

சமீப ஆண்டுகளில் மதுரைக் களங்களில் சிறந்த காளைக்கு டிராக்டர், சிறந்த வீரருக்குக் கார் என்று பரிசு தருகிறார்கள். டிராக்டர் கண்ணில் பட்டதும் மாட்டின் களைப்பு கண்ணில் படாமல் போய்விடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ‘போகலாம்’ என்று சொல்லும் உரிமை ஆண்களிடம் இருந்தாலும், ‘வேண்டாம்’ என்று தடுக்கும் உரிமையைத் தினமும் தீவனம் வைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பல வீடுகளில் அது அம்மாவோ, அக்காவோ, வீட்டு மருமகளோதான். வாடிவாசலில் யாரையும் அண்டவிடாத காளை, அவர் அதட்டினால் தலையைக் குனிந்து நிற்கும். பருத்திக்கொட்டையை மிச்சம் வைக்கிறதா, அசைபோடுகிறதா, சாணம் இளகியிருக்கிறதா, எழும்போது எந்தக் காலைத் தாங்கி வைக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு களத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு வாரமாவது இருக்கட்டும். தூர வட்டத்துக்குப் போய்வந்தால் இன்னும் கூடுதல் நாள். அப்படிப் பார்த்தால் தை மாதத்தில் ஒரு மாட்டுக்கு மூன்று களம் தாராளம். பொங்கலையொட்டி ஒன்று, இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வட்டத்தில் ஒன்று, மாதக் கடைசியில் மாடு தெளிவாக இருந்தால் மட்டும் மூன்றாவது. அந்த மூன்றாவதைப் பென்சிலால் எழுதுங்கள்.

ஜல்லிக்கட்டுக் காலம் தையோடு முடிவதில்லை. மே 31 வரை நடத்த விதிகள் இடம் தருகின்றன. மாசி மகத்துக்குச் சிங்கம்புணரி பக்கம் அரளிப்பாறையில் மஞ்சுவிரட்டு இருக்கிறது. பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கும் பல ஊர்களில் வாடிவாசல் திறக்கும். தையில் ஓர் ஊரை விட்டுக்கொடுத்தால் மாட்டுக்குப் பங்குனியில் கால் இருக்கும்.