குடியிருப்பவரோடு கைமாறும் வீடு

தில்லியின் பழைய பகுதிகளில் வாடகைதாரர் குடியிருக்கும் கட்டடங்கள், காலியான கட்டடங்களைவிடக் குறைந்த விலைக்குக் கைமாறுவது வழக்கம். விலையைப் பார்த்து வாங்குவோர், பழைய உரிமையாளரின் பொறுப்புகளையும் சேர்த்தே வாங்கியிருக்கிறோம் என்பதைப் பத்திரம் பதிவான பிறகே உணர்கின்றனர்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவின்படி, வாங்கியவர் விற்றவரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். விற்பனையால் குத்தகை முறிவதில்லை. விற்பனை பற்றி அறியாத வாடகைதாரர் பழைய உரிமையாளரிடம் வாடகை செலுத்திவிட்டால், அதை மீண்டும் கேட்கவும் முடியாது.

மாத வாடகை ரூ. 3,500-க்கு மேற்படாத இடங்களில் 1958-ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அதன் 14(6) பிரிவின்படி, விலைக்கு வாங்கியவர் 5 ஆண்டுகள் கழியும்வரை சொந்தத் தேவையைக் காரணம் காட்டி வெளியேற்ற மனுச் செய்ய இயலாது. இது நியாயமான தடை. இல்லாவிட்டால், தனக்குத் தேவையில்லாத உரிமையாளர் தேவையுள்ள ஒருவருக்கு விற்று, வாடகைதாரரைத் தெருவில் நிறுத்திவிடலாம். சொந்தத் தேவை என்ற காரணம் கடைகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்த பிறகு, சிறு வணிகர்களுக்கும் இந்த 5 ஆண்டுகள் முக்கியமானவை.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ரூ. 3,500 என்ற வரம்பு 1988-இல் வகுக்கப்பட்டது, இன்றுவரை மாறவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் வாடகைக்கு எடுத்த பெரிய கடைக்காரர், சில நூறு ரூபாய் வாடகையில் பாதுகாப்பாக இருக்கிறார். பிழைப்புத் தேடி வந்து ஒற்றை அறைக்கு ரூ. 4,000 கொடுக்கும் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எழுத்துபூர்வ ஒப்பந்தமற்ற மாத வாடகை என்றால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து அவர் மீது வழக்குத் தொடரலாம். ஏழைக்காக எழுதப்பட்ட சட்டம் யாரைக் காக்கிறது?

நாடாளுமன்றம் இதை அறியாததல்ல. 1995-இல் புதிய வாடகைச் சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. வணிகர்களின் எதிர்ப்புக்கு அஞ்சி அது நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. 2021-இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமும் பழைய வாடகை உறவுகளைத் தொடவில்லை. வரம்பைப் படிப்படியாக உயர்த்தவும், வாடகைதாரர் விவரத்தையும் முன்பணக் கணக்கையும் விற்பனைப் பத்திரத்திலேயே குறிப்பிடக் கட்டாயமாக்கவும் அரசு முன்வர வேண்டும்.

அதுவரை, 5 ஆண்டு காத்திருக்க மனமில்லாதவர்கள் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டித்து ஆளை விரட்டப் பார்க்கலாம். 1958 சட்டத்தின் 45-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. புகாருடன் வருபவரிடம் 'இது சிவில் விவகாரம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பும் உரிமை காவல் நிலையத்துக்கு இல்லை.