பழைய ஜீப்பும் மறைந்திருக்கும் விலையும்

பழைய நான்கு சக்கர இயக்க வாகனங்களுக்கு அண்மைக்காலமாகப் புதிய மவுசு ஏற்பட்டுள்ளது. மஹிந்திரா எம்.எம். 540, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ராணுவத்துக்காக உருவான ஜோங்கா, 1985-இல் அறிமுகமான மாருதி ஜிப்ஸி ஆகியவற்றை நகர்ப்புற இளைஞர்கள் ஆசையுடன் தேடுகின்றனர். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்பவருக்கோ ஜீப் என்பது பிழைப்பு. இரு தரப்பினருக்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு: விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியமாட்டார்.

இதைத்தான் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். தரம் தெரியாத வாங்குவோர் சராசரி விலையே தர முன்வருவர். அந்த விலைக்கு நல்ல வாகனத்தை விற்க உரிமையாளர் உடன்படமாட்டார். ஆகவே, சந்தையில் மோசமானவையே மிஞ்சும். இத்தகைய ஆய்வுக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வகுப்பறையில் இதை நடத்தும்போதெல்லாம், "அப்படியானால் வாங்குபவர் என்னதான் செய்வது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அறியாமையைக் குறைப்பதற்குச் சிறிது செலவிட வேண்டும் என்பதே என் விடை.

முதலில் ஆவணம். சேஸிஸில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணும் என்ஜின் எண்ணும் பதிவுச் சான்றிதழுடன் பொருந்துகின்றனவா என நேரில் பார்க்க வேண்டும். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடமோ புதிய வெல்டிங்கோ இருந்தால் விலகிவிடுவதே நன்று. பெட்ரோல் என்ஜினை அகற்றி டீசல் என்ஜின் பொருத்துவதும், பின்சக்கர இயக்க ஜீப்பை நான்கு சக்கர இயக்கமாக்குவதும், உடற்பகுதியை வெட்டிப் பழைய வில்லிஸ் போலத் தோன்றச் செய்வதும் பரவலாக நடக்கின்றன. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றங்கள் செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. பதிவில் ஏறாத மாற்றம் எத்துணை அழகாக இருப்பினும் சட்டச் சிக்கலே.

அடுத்து இரும்பு. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த உடற்பகுதி எதையும் மறைக்கும். ஆகவே வாகனத்தின் அடியில் பார்க்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் இணையும் இடங்களில் சேஸிஸ் துருவோ விரிசலோ கண்டிருந்தால், அதுவே பெருஞ்செலவு.

பின்னர் இயந்திரம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முதலில் இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். தொடர்ந்து வரும் நீலப்புகை, ஆயில் எரிவதன் அடையாளம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பீறிட்டு வருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். முன்சக்கர இயக்கத்தை மண் தரையில் இணைத்துச் சோதிக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் இணைத்துத் திரும்பினால் பற்சக்கரங்கள் இறுகித் தேயும். குறைவேக கியர் விழுகிறதா, பாரம் இழுக்கும்போது நழுவுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நம்பகமான மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது, இச்சந்தையின் மிக மலிவான காப்பீடு.

விலையோடு செலவு முடிவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனை வேண்டும். இருபது ஆண்டுகளைக் கடந்த இலகுரக வாகனங்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025-இல் ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது. விற்பவருக்கும் பொறுப்புண்டு. பெயர் மாற்றப்படாத வாகனம் விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

தனிமனித எச்சரிக்கைக்கு எல்லை உண்டு. தகுதிச் சோதனையின் விவரங்கள் அரசிடமே உள்ளன. பிரேக், ஸ்டீயரிங், புகை அளவு பற்றிய அம்முடிவுகளை, பதிவு எண்ணைக் கொண்டு வாங்குவோர் பார்க்கும்படி ஏன் வெளியிடக் கூடாது? அவ்வாறு செய்தால், வாகனத்தை நன்கு பேணியவருக்கு உரிய விலை கிடைக்கும். மலைச்சாலையில் அதில் பயணிக்கும் தொழிலாளியின் உயிருக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும்.