கொட்டினால் குற்றம், விதைத்தால் ஓகே: அமெரிக்காவின் மான் வயல் குழப்பம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கீழ்த் தீபகற்பப் பகுதியில் ஒருவர் தன் சொந்த நிலத்திலேயே மான்களுக்காக ஒரு வாளி மக்காச்சோளத்தைக் கொட்டி வைத்தால் அது சட்டப்படி குற்றம். 2019 ஜனவரி இறுதியில் அமலுக்கு வந்த தடை இது. ஆனா, அதே சோளத்தை அதே இடத்தில் விதைத்து, வளர்த்து, அறுக்காமல் மானுக்கே விட்டுவிட்டால்? பிரச்சினையே இல்லை.

அதே மான், அதே சோளம். அப்புறம் என்ன வித்தியாசம்?

மானுக்கு எதுக்கு வயல்?

இதற்கு அங்கே 'ஃபுட் பிளாட்' என்று பெயர். வேட்டைக்காரர்களும் நில உரிமையாளர்களும் காட்டை ஒட்டிய சின்னத் துண்டு நிலங்களில் குளோவர், சிக்கரி, ஓட்ஸ், டர்னிப், சோயா என்று பயிரிடுகிறார்கள். மண் பரிசோதனை, புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு, களையெடுப்பு என எல்லாமே நிஜ விவசாயம்தான். விளைச்சல் மட்டும் மானுக்கு. (சீசன் வந்ததும் அந்த மான் யாருக்கு என்பது தனிக்கதை. ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் வெள்ளைவால் மான்கள் அங்கே வேட்டையாடப்படுகின்றன.)

தடைக்குக் காரணம் ஒரு நோய்

மான்களைத் தாக்கும் இந்த மெலிவு நோயைச் சுருக்கமாக 'சிடபிள்யூடி' என்கிறார்கள். 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. இது வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. 'பிரியான்' எனப்படும் உருத்திரிந்த புரதம். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது, வந்தால் சாவுதான். தொற்றிய மான் ஒரு வருஷத்துக்கு மேலேகூட வெளியில் ஆரோக்கியமாகவே தெரியும். மனிதர்களுக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும், நோய் உறுதியான மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவும் பிரியான் மண்ணில் பல வருஷம் அப்படியே கிடக்கும். கொட்டி வைத்த சோளக் குவியலில் பத்து மான்கள் ஒரே இடத்தில் வாய் வைக்கின்றன. குவியல் தீர்ந்தால் மறுபடி அங்கேயே கொட்டுகிறார்கள். வயலில் அப்படியில்லை, மான் நடந்துகொண்டே மேயும். வித்தியாசம் அவ்வளவுதான்.

வயல் மட்டும் சேஃபா?

முழுசா இல்லை. கால் ஏக்கர் வயலும் மான்களை ஓரிடத்தில் கூட்டத்தான் செய்கிறது. பார்லிப் புல் மண்ணிலிருந்து பிரியானை உறிஞ்சி இலைவரை கொண்டுபோகும் என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனை காட்டியது.

நிஜச் சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வயல் நடுவே ஒரு கம்பிக் கூண்டு வைப்பார்கள். கூண்டுக்குள் குளோவர் முழங்கால் உயரம், வெளியே தரையோடு தரையாக மேய்ந்திருந்தால், அந்த நிலம் தாங்குவதைவிட மான் அதிகம் என்று அர்த்தம். அப்போது செய்ய வேண்டியது இன்னொரு வயல் போடுவதல்ல, பெண் மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. ஆனால் பெரிய கொம்புக்காகக் காத்திருக்கும் பலருக்கு அதில் ஆர்வம் இல்லை.

வயலுக்கும் தடை போடலாமே என்றால், மானுக்குப் போட்ட சோயாவையும் விற்பதற்குப் போட்ட சோயாவையும் எந்த அதிகாரி பிரித்துப் பார்ப்பார்? விஸ்கான்சினில் ஒரு கவுன்டியின் காட்டு மானிடம் நோய் உறுதியானால், அங்கே 3 ஆண்டுகளுக்குத் தீனி வைக்கத் தடை. அந்த விதியும் விதைத்த வயலைத் தொடுவதில்லை.