சுடாமல் ஜெயித்தவர்

"துப்பாக்கின்னு சொல்லாதீங்க தாத்தா, இதுக்குப் பேர் மார்க்கர்" என்று திருத்தினான் என் மகள் வயிற்றுப் பேரன். சென்ற ஆண்டு அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தது இது.

பெயிண்ட்பால் விளையாட்டை அன்பர்கள் பலரும் அறிந்திருக்கலாம். நம் நாட்டு நகரங்களுக்கும் வந்துவிட்டது. சாயம் அடைத்த ஜெலட்டின் உருண்டையை எதிரணியினர் மீது சுட வேண்டும். மேலே பட்டு உடைந்தால் அவர் அவுட். பேரன் பழைய மார்க்கர்களைச் சேகரிக்கிறான். ஜாம்ஷெட்பூரில் 36 ஆண்டுகள் லேத்தோடும் வால்வோடும் காலம் தள்ளிய எனக்கு, அவற்றைக் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மார்க்கர் என்ற பெயர் சரிதான். நெல்ஸ்பாட் 007 என்ற கருவி, வனத்துறையினர் மரங்களுக்கும் பண்ணைக்காரர்கள் மாடுகளுக்கும் தூரத்திலிருந்து அடையாளமிடப் பயன்பட்டது. 12 கிராம் கரியமில வாயுக் குப்பி ஒன்றுதான் அதன் சக்தி. ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும்; உருண்டை உருண்டு வந்து விழக் கருவியைச் சாய்க்க வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு.

பின்னாளில் வந்த ஆட்டோகாக்கர், இந்தக் கை வேலையைக் காற்றிடம் ஒப்படைத்தது. விசையை அழுத்தினால் சுத்தியல் வால்வைத் தட்டும், குண்டு பறக்கும். விசை இன்னும் பின்னே போனதும் முன்புறத்துச் சிறு வால்வு திசை மாறும். சிறு பிஸ்டன் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, சுத்தியலையும் மாட்டிவிடும். விசையை விட்டால் போல்ட் மூடிக்கொள்ளும். இத்தனையும் வெளியே கண்ணெதிரே நடக்கிறது! இந்த வரிசை சற்றுப் பிசகினாலும் உருண்டை நசுங்கிச் சாயம் உள்ளேயே கொட்டும். அதனால் "நல்ல கை இருந்தால் தங்கம், இல்லாவிட்டால் தலைவலி" என்ற பெயர் அதற்கு.

"போல்ட் மூடிய நிலையில் சுடுவதால் குறி தப்பாது" என்ற புகழும் உண்டு. இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மெல்லிய உறைக்குள் திரவம் நிறைந்த உருண்டை அது; உறையில் ஒட்டு வேறு. அது எவ்வளவு உருண்டையாக இருக்கிறது, குழலுக்குள் எவ்வளவு பொருத்தமாக அமைகிறது என்பதே குறியைத் தீர்மானிக்கும். பழைய மார்க்கர்களின் புகழில் பாதி, பொறுமையாகக் குறி பார்த்த கைகளுக்குச் சேர வேண்டியது.

பேரன் ஒரு நாள் கேட்டான்: "தாத்தா, ஸ்பிரிங்கை மாத்தி இன்னும் வேகமா அடிக்க வைக்கலாமா?" "மாட்டேன்டா கண்ணா" என்றேன். மைதானங்களில் வேகத்தை அளக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். விநாடிக்கு 300 அடி என்பது வழக்கமான எல்லை. அந்த வேகமே கண்ணைப் பறிக்கப் போதும். அவன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பரவாயில்லை, கண் இருக்கிறதே!

மூன்றாம் நாள் நானே அவனை அழைத்து ஒரு கதை சொன்னேன். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் காட்டில் 12 பேர் நெல்ஸ்பாட்டுடன் முதல் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் மரங்களோடு பழகிய வனத்தொழிலாளி ஒருவர். ஒரு குண்டுகூடச் சுடாமல், ஓசைப்படாமல் நடந்து கொடிகளை எடுத்து வந்துவிட்டார்.

பேரன் யோசித்தான். பிறகு பழைய ஸ்பிரிங்கையே எண்ணெய் துடைத்து மாட்டினான்.

விநாடிக்கு எத்தனை குண்டு என்று கேட்கும் இளைஞர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: முதலில் கையால் இழுக்கும் கருவியோடு ஒரு பருவம் ஆடுங்கள். முகமூடியை மட்டும் மைதானத்தில் ஒரு கணமும் கழற்றாதீர்கள்.