காரை இறக்குங்கள்; குடும்பத்தை இறக்கி விடாதீர்கள்!

பாகூரில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் காரை "லோ" செய்துவிட்டான்.

"லோ" என்றால்? காரின் வயிறு தரையோடு ஒட்டி வருகிற மாதிரி இறக்குவது. டயருக்கும் அதன் மேல் இருக்கும் தகட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. இப்போது ஒரு விரல்தான். பொய் சொல்லக்கூடாது, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. பந்தயக் கார் கெட்டது போங்கள்!

அன்று சாயங்காலமே அக்காவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அக்காவுக்கு இடுப்பு எலும்பு தேய்மானம். பாகூரில் கிளம்பி கன்னியக்கோயில் வந்து கடலூர் சாலையைப் பிடிப்பதற்குள் நாலு இடத்தில் வண்டியின் அடி தரையில் தட்டியது. ஐந்தாவது இடத்தில் அக்கா அலறியேவிட்டாள்.

"டேய், என்னை இங்கேயே எறக்கி வுட்டுடு. நான் பஸ்சுலயே வந்துக்கறேன்!"

"என்ன மருமகனே செஞ்சே?" என்று கேட்டேன்.

"ஸ்பிரிங்கை ஒன்றரை சுத்து அறுத்தாங்க மாமா. அரை நாள் வேலை. செலவும் கம்மி" என்றான் பெருமையாக.

அறுத்தார்களாம்! முருங்கைக்காயா அது, அறுப்பதற்கு?

ஸ்பிரிங் கணக்கு

ஆறு சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றரை சுற்றை வெட்டினால், மிச்சம் இருப்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைத்துப்போகும். ஸ்பிரிங் குட்டையானால் மெத்தென்று ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர்! அது மட்டுமா? சக்கரம் மேலே எழும்ப இருந்த இடமும் குறைந்துபோகிறது. பள்ளத்தில் விழுந்து எழும்போது "பம்ப் ஸ்டாப்" என்கிற ரப்பர் கட்டையில் போய் இடிக்கிறது. அந்த இடிதான் அக்காவின் இடுப்பில் இறங்கியது.

கியாஸ் வைத்து அறுத்தால் இன்னும் மோசம். சூட்டில் எஃகின் பதமே போய்விடும். ஸ்பிரிங்கின் முனை கிண்ணத்தின் வடிவத்துக்குப் பொருந்தினால்தான் சரியாக உட்காரும். அறுத்த முனை உட்காராமல் போகலாம். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறக்கூட வாய்ப்பு உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நடந்தால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் அம்பாசடர் டாக்சிக்காரர்கள் பின்பக்கத்துப் பட்டையில் இன்னொரு பட்டையைச் சேர்த்து வண்டியை உயர்த்துவார்கள். கல்யாண வீட்டுக்கு எட்டுப் பேரை ஏற்ற வேண்டுமே! அப்பா உயர்த்தினார், பிள்ளை இறக்குகிறான்.

அப்படியானால் இறக்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. வண்டி தாழ்ந்தால் அதன் கனம் கீழே வரும். வளைவில் சாயாமல் திரும்பும். சோழவரத்தில் கார் பந்தயம் நடந்த நாட்களிலேயே இது தெரிந்த சங்கதி. ஆனால் பந்தயக்காரன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறதில்லை.

தினமும் ஓட்டுகிற வண்டி என்றால், இறக்கத்தை 25, மிஞ்சினால் 30 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள் என்பது என் கட்சி. ஐபாக், எச் அண்டு ஆர், டெயின் போன்ற கம்பெனிகள் அந்தந்தக் காருக்கென்றே தாழ்வு ஸ்பிரிங் செய்கின்றன. அதில் ஒரு பக்கம் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன மேடு பள்ளத்தில் மெதுவாக அமுங்கும். பெரிய அடி விழுந்தால் விறைக்கும். நம் ஊருக்கு அதுதான் தோது.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டுவைப்பவர்கள்தான் அதிகம். இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். புது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கப் பழைய ஷாக்கால் முடியாது. வண்டி படகு போல ஆடும். ஷாக்கும் சீக்கிரம் எண்ணெய் கக்கிவிடும். கேஒய்பி, பில்ஸ்டீன், கோனி எதுவானாலும் சரி, ஸ்பிரிங்குக்குப் பொருத்தமானதா என்று கேட்டு இரண்டையும் ஜோடியாகப் போடுங்கள். உயரத்தைத் திருகி மாற்றுகிற "காயில்ஓவர்" பற்றிப் பையன்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். நல்லது வாங்கக் காசு இருந்தால் சரி. மலிவுச் சரக்கு வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம்.

இன்னொன்று. "வளைவுல வண்டி சாயுது" என்பதுதான் உங்கள் குறை என்றால், கம்பெனி அளவிலேயே புது ஷாக்கும் புது புஷ்களும் போட்டுப் பாருங்கள். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும், ஜாக்கியில் தொங்கக்கூடாது. தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் டயரின் உள்பக்கம் மட்டும் வழுக்கையாகிவிடும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது! சில கார்களில் பின் பிரேக்கின் அழுத்தத்தை வண்டியின் உயரத்தை வைத்துக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். வண்டியை இறக்கினால் "பாரம் ஏறிவிட்டது" என்று அது ஏமாந்து பின் சக்கரத்தைப் பூட்டிவிடும். அது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வேகத்தடையா, வரப்பா?

பையனை மட்டும் திட்டி என்ன பயன்? சாலையையும் பார்க்க வேண்டாமா?

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலை காங்கிரஸ் 1988-லேயே அளவு சொல்லிவிட்டது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். வில்லியனூர், பாகூர் உள்கிராமங்களில் போய்ப் பாருங்கள். இரண்டு அடி அகலத்தில் வயல் வரப்பு மாதிரி நிற்கின்றன. வெள்ளைக் கோடு கிடையாது. ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது. இறக்காத காரே தட்டுகிறது. ஆம்புலன்சில் போகிற நோயாளியின் கதி என்ன? இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துகளும் பெயிண்டாவது அடிக்கக்கூடாதா?

இப்போதைய சுவிப்ட் காரின் வயிறு, ஆள் ஏறாதபோது தரையிலிருந்து 163 மில்லிமீட்டர். ஹோண்டா சிட்டிக்கு 165. இதில் 40-ஐக் குறைத்து, ஐந்து பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றுங்கள். மிச்சம் என்ன இருக்கும்? வாங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். முதலில் காலி வண்டி, பிறகு குடும்பம் முழுக்க ஏறிய வண்டி.

மழையையும் மறக்கக்கூடாது. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே! அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்ததே! உயரமான வண்டிகளே திணறின.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஆர்.சி.யில ஸ்பிரிங் உயரத்துக்குக் கட்டமே கிடையாது மாமா" என்று வாதாடுகிறான் என் மருமகன். இருக்கலாம். ஆனால் விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் அறுத்த ஸ்பிரிங்கைப் பார்த்து வேறு கேள்வி கேட்பார். மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

கம்பெனி ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டச் சொல்லியிருக்கிறேன். அறுத்ததை ஒட்ட முடியாதே, நாலும் புதிதாக வாங்க வேண்டும். மிச்சம் பிடித்த காசுக்கு மேலே செலவு. அடுத்த சம்பளம் வரட்டும் என்கிறான்.

அதுவரை அக்கா பஸ்சில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள்.