பத்தியம்: விலக்கா, உணவா?

நீரிழிவோடு சிறுநீரக நோயும் சேர்ந்துகொண்ட முதியவர்களுக்கு மருத்துவமனைகளில் தரப்படும் உணவுத்தாளை, வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். தவிர்க்கவும், குறைக்கவும், கூடாது, வேண்டாம். பெரும்பாலான தாள்களில் இவ்வளவே. வேகவைக்கவும், தாளிக்கவும், பரிமாறவும் என்னும் ஏவல்களைத் தேடினால் கிடைப்பது அரிது. உணவைப் பற்றிய ஆவணம் ஒன்றில் சமையல் வினையே இல்லாமற்போவதை அச்சுப்பிழையாகக் கருத இயலாது. நோயாளியின் உணவு என்பது எடுத்துவிடவேண்டியவற்றின் தொகுதி, ஆக்கித் தரவேண்டிய ஒன்றன்று என்னும் கருத்தே அந்தத் தாளை எழுதுகிறது. இக்கருத்து மருத்துவ அடிப்படையிலும் பிழையானது, மனித அடிப்படையிலும் கொடியது.

ஒரு சொல்லின் இரு வரலாறுகள் இதைத் தெளிவாக்கும். வடமொழியின் 'பத்ய' என்னும் சொல் வழிக்கு உகந்தது, உடலுக்கு ஏற்றது என்ற பொருளுடையது. அது தமிழில் 'பத்தியம்' ஆயிற்று, வங்காளியில் 'பொத்யோ' ஆயிற்று. தமிழில் பத்தியத்தோடு சேரும் வினைகள் இருத்தல், காத்தல், முறித்தல் ஆகியவை. இவை நோன்புக்குரிய வினைகள். வங்காளியிலோ பொத்யோ என்பது நோயாளிக்கென ஆக்கித் தரப்படும் உணவு. மருந்தையும் உணவையும் இணைத்து 'ஓஷுத்-பொத்யோ' என்பது அங்கு இயல்பான வழக்கு. நோய் தணிந்தபின் முதன்முதலாகச் சோறு உண்பதை 'அன்னபொத்யோ' என்பார்கள். ஒரே சொல் ஓரிடத்தில் வாயை மூடுகிறது, மற்றோரிடத்தில் தட்டை நிரப்புகிறது. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் பத்தியக் குழம்பில் அந்தப் பழைய பொருள் தமிழிலும் உயிரோடு இருக்கிறது. முதுமையில் வரும் நீண்ட நோய்க்கு மட்டும் அது கைவிடப்பட்டுவிட்டது.

இந்த முரண் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் கொல்கத்தா. ராஷ்பிகாரி அவென்யூ, லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அத்தகைய வீடொன்றில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ உணவுத்தாள் வந்துசேர்கிறது என்று கொள்வோம். தாளின் மொழி ஆங்கிலம். அது விளித்துப் பேசும் நோயாளியின் மொழி தமிழ். அடுப்படியில் நிற்பவரோ, நாளொன்றுக்கு நான்கைந்து வீடுகளில் சமைத்துவிட்டுச் செல்லும் 'ரான்னார் மாஷி', அல்லது அலுவலகத்துக்கும் அடுக்களைக்கும் இடையே ஓடும் மருமகள். ஏவலைப் பெறுபவர் ஒருவர், செய்பவர் மற்றொருவர், எழுதியவர் இருவரையும் அறியாதவர். இப்படிப்பட்ட தாள் நிறைவேறாதபோது 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். தொடர்பாடல் எங்கே முறிந்தது என்று கேட்பாரில்லை.

நீரிழிவுக்கென ஒரு பட்டியல் உண்டு: வெள்ளரிசியைக் குறை, பருப்பும் கீரையும் பழமும் முழுத்தானியமும் சேர். சிறுநீரகத்துக்கென மற்றொரு பட்டியல் உண்டு: பருப்பைக் குறை, கீரையும் பழமும் தவிர், முழுத்தானியத்தில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படிக்கும் குடும்பத்துக்கு எஞ்சுவது இரண்டு இட்லியும் உப்பில்லா ரசமும். பல வீடுகளில் அதுவே ஆறு மாதத்துக்கு, ஓராண்டுக்கு நீள்கிறது. முதியவர் மெலிகிறார். தசை கரைகிறது. பசியே அற்றுப்போகிறது. 'கட்டுப்பாடாக இருக்கிறார்' என்று உறவினர் பாராட்டுகின்றனர்.

இந்த மெலிவு நோயின் இயற்கையான போக்கு மட்டுமன்று, ஊட்டக்குறைவும் அதில் சேர்ந்திருக்கிறது. அதைவிட உடனடியான ஆபத்தும் ஒன்றுண்டு. இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு. அது தளரும்போது இன்சுலினும் சில மாத்திரைகளும் உடலில் நெடுநேரம் தங்கிச் செயற்படுகின்றன. மருந்தின் அளவு மாறாமல் உணவு மட்டும் சுருங்கினால் இரவில் சர்க்கரை தாழ்ந்து முதியவர் நினைவிழக்கலாம். சர்க்கரை டப்பாவையே வீட்டைவிட்டு விரட்டிய குடும்பத்தில் அந்நேரத்துக்குத் தேவையான ஒரு கரண்டி சர்க்கரைகூட இருப்பதில்லை. ஓடிப்போய் வாங்கிவருவது இளநீர். அதிலோ பொட்டாசியம் மிகுதி.

நோயாளியின் தட்டின்மீது குற்றச்சாட்டை எழுதும் பழக்கத்துக்குக் கொல்கத்தாவிலேயே நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. 1907-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெப்பமண்டல நாடுகளின் நீரிழிவு பற்றிய விவாதம் ஒன்று வெளியாயிற்று. கல்கத்தா மருத்துவர் கைலாச சந்திர போஸ் அதில் பங்கேற்றவர்களுள் ஒருவர். படித்த, வசதி படைத்த வங்காளியின் நோயாக நீரிழிவு அங்கே வரையப்பட்டது. மாவுச்சத்து மிகுந்த உணவும் உடலுழைப்பற்ற வாழ்வும் காரணங்களாகக் காட்டப்பட்டன. நோய் இன்று அந்த வகுப்பின் எல்லையைக் கடந்துவிட்டது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. குற்றஞ்சாட்டும் தொனியோ மாறவில்லை. 'தின்று தேடிக்கொண்டது' என்னும் தீர்ப்பு உணவுத்தாளின் ஒவ்வொரு 'கூடாது'க்குப் பின்னும் ஒலிக்கிறது.

அறிவியலின் நிலை இவ்வளவு கடுமையானதன்று. அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020 ஊட்டச்சத்து வழிகாட்டி, பொட்டாசியத்துக்கு அனைவருக்குமான ஓர் எண்ணை விதிக்கவில்லை. குருதியில் அதன் அளவு இயல்பான வரம்புக்குள் நிற்குமாறு உணவைச் சரிசெய்க என்றே கூறுகிறது. அதாவது, குருதியில் பொட்டாசியம் உயராத ஒருவரிடமிருந்து கீரையையும் பழத்தையும் முன்கூட்டியே பறிக்கவேண்டிய கட்டாயமில்லை. டயாலிசிஸ் தொடங்காத நீரிழிவுச் சிறுநீரக நோயாளிக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் புரதம் என்கிறது அது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மேல்வரம்பு 48 கிராம். 75 கிராம் மீனும் ஒரு முட்டையும் அதில் ஏறத்தாழ 20 கிராமைத் தந்துவிடும். எஞ்சியதைச் சோறும் பருப்பும் சிறிது பாலும் நிரப்பும். 'புரதம் கூடாது' என்பதற்கும் '48 கிராம் புரதம்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு முழு மதிய உணவு. டயாலிசிஸ் தொடங்கியபின் தேவை 1.0 முதல் 1.2 கிராமாக உயர்கிறது. பழைய தாளையே பிடித்துக்கொண்டிருக்கும் குடும்பமோ அப்போதும் மீனை மறுக்கிறது. தளர்ந்து மெலிந்த முதியவர்களுக்குக் கூடுதல் புரதமும் கலோரியும் தருவதை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று 2024-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டியும் சொல்கிறது.

பருப்பின் கதையும் இதுவே. பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதியைக் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. பொட்டல உணவிலும் கோலா பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுதும் உறிஞ்சப்படுகிறது. பாசிப்பருப்பை விரட்டிவிட்டுப் பொட்டலப் பண்டங்களை உள்ளே விடும் வீடு தலைகீழாக நடக்கிறது.

எனவே கேள்வி 'எதை நீக்குவது' என்பதிலிருந்து 'எப்படிச் சமைப்பது' என்பதற்கு மாறவேண்டும். இங்கே அடுக்களை அறிவு மருத்துவ அறிவாகவே வேலை செய்கிறது. உருளைக்கிழங்கு குறித்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இரவு முழுதும் நீரில் ஊறவைப்பதால் பொட்டாசியம் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை என்று காட்டியது. துண்டுகளாக்கி வேகவைத்தபோது சுமார் பாதியும், துருவி வேகவைத்தபோது சுமார் முக்கால் பங்கும் குறைந்தன. காயைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை இறுத்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கவேண்டும். நீரை வற்றவிட்டால் நீங்கியதெல்லாம் காய்க்கே திரும்பும். குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடுவதும் அப்படியே. நீரில் கரையும் சில வைட்டமின்களும் இதில் போய்விடும் என்பதால் பொட்டாசியம் உண்மையில் உயர்ந்தவருக்கே இது தேவை. இவ்வளவையும் ஒரு தாளின் கால்பக்கத்தில் எழுதிவிடலாம்.

கொல்கத்தாவின் சந்தை இதற்கு ஏற்ற இடம். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், புடலையின் இனத்தைச் சேர்ந்த பொட்டோல், பப்பாளிக்காய் ஆகியவை பொட்டாசியம் ஒப்பீட்டளவில் குறைந்த காய்கள். வங்காளிச் சாப்பாடு கசப்பில் தொடங்கிப் பருப்பு, காய், மீன் என ஒழுங்காக நகர்வது. அந்த ஒழுங்கைக் குலைக்காமலே உறுப்புகளை மாற்றலாம். 'ஷுக்தோ'வில் வழக்கமாகச் சேரும் வாழைக்காய், சர்க்கரைவள்ளி, முருங்கைக்காய் ஆகியவற்றின் இடத்தில் பப்பாளிக்காயும் பீர்க்கங்காயும் பொட்டோலும் நிற்கட்டும். பாகற்காயின் கசப்பும் ராதுனி விதையின் மணமும் இருக்கும்வரை அது ஷுக்தோவே. சாம்பாரிலும் தக்காளியையும் முருங்கையையும் விலக்கி, பருப்பின் அளவைக் குறைத்து, சுரைக்காயை வேகவைத்து இறுத்துச் சேர்த்து, இறுதியில் எலுமிச்சை பிழியலாம். தமிழ்ப் பாட்டிக்கு அது சாம்பாராகவே இருக்கும்.

மரபைக் கண்மூடிப் போற்றுவதும் உதவாது. சிங்கி, மாகுர் மீன்களை வாழைக்காயும் பப்பாளிக்காயும் இட்டு நீர்க்கக் கொதிக்கவைக்கும் 'ஜோல்' வங்காளத்தின் புகழ்பெற்ற பொத்யோ. காய்ச்சலிலிருந்து மீள்பவருக்கு அது பொருத்தம். பொட்டாசியம் உயர்ந்தவருக்கு அதிலுள்ள வாழைக்காய் பொருந்தாது. மீனும் மெல்லிய குழம்பும் இருக்கட்டும், வாழைக்காய் மட்டும் வெளியேறட்டும். இந்த அளவு நுட்பமான பகுப்பைச் சமைப்பவர் செய்யமுடியும். அதற்கான காரணத்தை அவரிடம் எவரும் சொல்வதில்லை.

உப்பின் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டி. அந்த அளவை அளந்து எடுத்துவைத்து, கொதிக்கும் குழம்பில் கரைப்பதைக் குறைத்து, உண்ணும்போது மேலே தூவினால் நாக்குக்கு உப்பு தெரியும். மிளகு, பெருங்காயம், கறிவேப்பிலை, அரைத்த கடுகு, கொல்கத்தாவின் கந்தராஜ் எலுமிச்சை என மணமும் புளிப்பும் உப்பின் வேலையில் பாதியைச் செய்துவிடும். கடையில் விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பை மட்டும் வாங்கக்கூடாது. அதில் சோடியத்தின் இடத்தை நிரப்புவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. இவ்வகை உப்பைப் பரிந்துரைத்த உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 வழிகாட்டியே சிறுநீரகக் குறைபாடு உடையோரை அப்பரிந்துரைக்குப் புறத்தே நிறுத்துகிறது.

சொற்களும் இங்கே ஊறு செய்கின்றன. தமிழ்ப் பேச்சில் 'சர்க்கரை' நோயின் பெயரும் ஆகும், பண்டத்தின் பெயரும் ஆகும். ஆகவே பண்டத்தை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று தோன்றுகிறது, சர்க்கரையில்லா சந்தேஷ் என்றால் எத்தனை துண்டும் உண்ணலாம் என்றும் தோன்றுகிறது. யூரியாவையும் கிரியாட்டினினையும் 'உப்பு' என்று சொல்லும் வழக்கால், 'உப்பு ஏறிவிட்டது' என்று கேட்ட குடும்பம் சமையல் உப்பை முற்றாக நிறுத்திவிட்டு நோயைத் தடுத்துவிட்டதாக நம்புகிறது. 'பழம் நல்லது' என்னும் பொதுச்சொல்லின் நிழலில் கொல்கத்தாத் தெருக்களில் உப்பும் மிளகாயும் தூவி விற்கப்படும் 'காம்ரங்கா', தமிழில் தமரத்தம்பழம், வீட்டுக்குள் நுழைகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது விடாத விக்கலையும் மனக்குழப்பத்தையும் வலிப்பையும் உண்டாக்கவல்லது, உயிரையும் பறிக்கவல்லது. அதிலுள்ள நரம்பு நச்சைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் அடையாளங்கண்டு விளக்கினர். உண்மையிலேயே உரத்துச் சொல்லவேண்டிய 'கூடாது' இது. நாற்பது விலக்குகள் கொண்ட தாளில் இது நாற்பத்தோராவதாக இருந்தால் யாருடைய காதில் விழும்?

மருத்துவர்கள் கூறும் மறுப்பு எடையற்றதன்று. நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. பொட்டாசியம் உயர்ந்தால் இதயம் நின்றுபோகலாம். ஆகவே மிகைத் தடையே பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். நேரமின்மை உண்மை. ஆனால் தாள் ஒருமுறை எழுதப்படுவது, பல்லாயிரம் முறை அச்சிடப்படுவது. அதைச் சரியாக எழுதப் புறநோயாளர் பிரிவின் நிமிடங்கள் செலவாவதில்லை. உண்ணமுடியாத உணவைப் பரிந்துரைப்பது பாதுகாப்பும் ஆகாது. சலித்த முதியவர் ஒருநாள் மறைவாகத் தெருமுனைக் கடைக்குப் போவார், அங்கே எந்தத் தாளும் உடன் வராது.

பல்கலைக்கழகங்களும் இப்பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணை 528 உணவுப்பொருள்களை அளந்துவைத்திருக்கிறது. அவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். இறுத்த பீர்க்கங்காய்க் கூட்டில் எவ்வளவு பொட்டாசியம் எஞ்சுகிறது என்பதை அளப்பது உணவறிவியல் துறையொன்றில் முதுகலை ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள். அதன் முடிவைக் கரண்டிக் கணக்கில், ஏவல் வினைகளோடு, சமைப்பவரை விளித்து, தமிழிலும் வங்காளியிலும் எழுதுவது மொழித்துறைகளின் பணி. உணவு வரலாற்றையும் உணவுக் குறியியலையும் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் துறைகள் இந்த ஒரு தாளை எழுத முன்வரவில்லை. சமையலறையில் கேட்கப்படும் கேள்வி ஆய்வுக்கேள்வி ஆகாது என்ற பழைய மேட்டிமையைத் தவிர அதற்கு வேறு காரணம் தென்படவில்லை.

அந்தத் தாளுக்கு இரண்டு பக்கம் போதும். முதற்பக்கத்தில் நோயாளியின் அண்மைக் குருதி அளவுகளுக்கேற்ப மருத்துவர் நிரப்பும் நான்கு எண்கள்: புரதம், உப்பு, பொட்டாசியம், நீர். மறுபக்கத்தில் அந்த எண்களுக்குள் அடங்கும் பத்துச் சமையற்குறிப்புகள். கடைசி வரியில் தமரத்தம்பழமும் பொட்டாசிய உப்பும் மட்டும் தடித்த எழுத்தில் விலக்கப்பட்டிருக்கட்டும்.